அங்கி இல்லாமல் போனவர்

அக்டோபர் 9, திங்கள்

அப்பாவை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகிறது. இன்று காலை கண் விழித்தபோது சன்னலில் வெயில் அடித்தது. இந்த வீட்டில் படுத்தபடியே வெயிலைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. நாலரைக்கு அப்பாவின் கைமணி அடிக்கும். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தபோதும் அந்த மணியைத் தலைமாட்டில் வைத்திருந்தார். எழுந்து திரிகால செபம் சொல்ல வேண்டும். பிறகுதான் பல் விளக்குவது, காப்பி எல்லாம். இன்று முதல் வேலையாகக் காப்பி குடித்தேன்.

எனக்கு நிம்மதியாக இருக்கிறது. வெளியில் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் "ஒன்ன மாதிரி பொண்ணு யாருக்கு வாய்க்கும்" என்கிறார்கள். தலையை ஆட்டிக்கொள்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு முழுத் தூக்கம்தான்.

அக்கா சலேத்துக்கு நிம்மதி இல்லை. ஆவடியிலிருந்து வந்த நாள் முதல் அங்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தபோதே புனிதர் அசிசியாரின் மூன்றாம் சபையில் சேர்ந்தவர். கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு வீட்டில் இருந்துகொண்டே துறவிகளின் ஒழுங்கில் பாதியைக் கடைப்பிடிக்கிறவர்களின் சபை அது. வாக்குக் கொடுத்த அன்று ஒரு மண் நிற அங்கியையும் மூன்று முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறையும் மந்திரித்துக் கொடுப்பார்கள். செத்தால் அதை உடுத்தித்தான் பெட்டியில் வைக்க வேண்டும். அசிசியார் தன் பிள்ளைகளை அந்த அங்கியை வைத்து அடையாளம் கண்டு, வழியில் எங்கும் நிறுத்தாமல் நேரே மோட்சத்துக்குக் கூட்டிப்போவார் என்று அப்பா சொல்லுவார்.

வெள்ளிக்கிழமை அப்பா கண்ணை மூடியதும் கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அவர் யாரையும் தொட விடாத பெட்டி. உள்ளே அந்துருண்டைகளும், கடைச் சீட்டுக்கூடக் கிழிக்காத ஒரு வெள்ளை வேட்டியும், கதர்ச் சட்டையும் இருந்தன. அங்கியும் இல்லை, கயிறும் இல்லை. வேட்டி சட்டையிலேயே அடக்கம் செய்தோம். அங்கி உடுத்தி வந்து நின்ற சபைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சபைய விட்டு நீக்கிட்டாங்களோ என்னமோ, யாருக்குத் தெரியும். நீதான கூட இருந்த" என்கிறாள் அக்கா. கூட இருந்தவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

அக்டோபர் 10, செவ்வாய்

இன்றும் எட்டு மணி வரை தூங்கினேன். கனவுகூட வரவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

ஏழாம் நாள் பூசை முடிந்தது. இன்னாசி மாமா வந்திருந்தார். அப்பாவோடு ஒரே பணிமனை, ஒரே சபை, சாயங்காலத்தில் ஒரே பெஞ்சு. உறவு இல்லை, ஆனால் விவரம் தெரிந்த நாளிலிருந்து மாமாதான். அக்கா அவரைச் சுவரோரமாக மடக்கி அங்கியைப் பற்றிக் கேட்டாள்.

"இருந்தா கெடச்சிருக்கும்மா" என்றார் மாமா. அப்புறம் இட்லியில் கவனமாகிவிட்டார். அந்த மனிதருக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் வாயில் எதையாவது போட்டுக்கொள்வார்.

சாயங்காலம் அக்கா செபமாலை சொல்லியே ஆக வேண்டும் என்றாள். முழங்காலில் நின்றோம். கடைசியில் இறந்தவர்களின் பேர் சொல்லி ஆளுக்கொரு பரலோக மந்திரம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். தாத்தா, ஆத்தா, அம்மா, நிமோனியாவில் போன சின்ன அத்தை, பணிமனையில் கிரேன் விழுந்து செத்த அப்பாவின் சிநேகிதர் ஒருவர் என்று வரிசை போகும். அக்கா கடைசியில் அப்பாவைச் சேர்த்து முடித்தாள். எங்கள் தம்பி தனிஸ்லாஸ் பேரைச் சொல்லவில்லை. அப்பா சொல்லாததை அவள் சொல்ல மாட்டாள்.

தனிஸ் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அப்பா செபத்தில் அவன் பேரைச் சொன்னதில்லை. அவன் செத்த வாரத்தில் வரிசை முடிந்ததும் நான் கேட்டேன்: "தனிஸ் பேரு, அப்பா?" காது கேட்காதவர் போல அடுத்த செபத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம். சின்ன வயதில் அப்பா கற்றுக்கொடுத்த ஞானோபதேசம் எனக்கு மறக்கவில்லை. மோட்சத்துக்குப் போகிற வழியில், பாவக் கடன் தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக் கிடக்கிற ஆத்துமாக்களுக்குத்தான் செபம் உதவும். நரகத்துக்குப் போனவனுக்காக வேண்டிப் பிரயோசனம் இல்லை.

அக்டோபர் 15, ஞாயிறு

அக்கா ஊருக்குப் போனாள். வாடகைக்கு எடுத்த கட்டிலையும் காற்று மெத்தையையும் திருப்பிக் கொடுத்தேன். அந்த அறையை டெட்டால் விட்டுக் கழுவினேன். கழுவி முடித்து ஈரத் தரையில் நின்றபோது பெரிய அறையாக இருந்தது. டிவியை அங்கே மாற்றலாம்.

பூசைக்குப் போகவில்லை. தலைவலி என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

இன்று பூராவும் தனிஸ் நினைப்பு. அப்பா இருந்தவரை அவனைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. ஆள் இல்லாத வீட்டில் அவன் தாராளமாக வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

பதினெட்டு வயதில் பூசைக்குப் போவதை நிறுத்தினான். இருபதில் கறுப்புச் சட்டை. பால்பண்ணைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். கடைக்கு எதிரே மேடை போட்டால் கடவுள் இல்லை என்று மணிக்கணக்காகப் பேசுவான். அப்பா சைக்கிளில் அந்த வழியாகக் கோயிலுக்குப் போவார். "ஒங்கப்பா போறாருடா" என்று கூட்டத்தில் யாராவது சொன்னால், "அவர் போகட்டும், நல்ல மனுசன்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு மேலே பேசுவானாம்.

வீட்டில் மட்டும் என்ன. அப்பா செபமாலை ஆரம்பித்தால் அவன் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். ஒரு நாள் அப்பா, "செத்தா ஒன்ன எங்கடா பொதைக்கறது?" என்று கேட்டார். "எங்கயாவது பொதைங்கப்பா, எனக்கா தெரியப்போவுது?" என்றான். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த மாதமே துவாக்குடி ரோட்டில் லாரி அடித்தது. முப்பத்து நாலு வயது. பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிற நேரத்து அவஸ்தைபூசுதல் இல்லை, சாமியாரின் நிழல்கூட இல்லை. பெரியாஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடித்து, ஆணியடித்த பெட்டியாகத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். முகம் பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள். ஞானஸ்நானம் வாங்கியவன் என்பதால் அப்போதைய பங்குச் சாமியார் கல்லறையில் இடம் கொடுத்தார், ஒரு சின்ன செபமும் சொன்னார். அப்பா கடைசி வரைக்கும் அழவில்லை. ஒரு சொட்டுக்கூட. அவர்மேல் எனக்கு இருக்கிற கோபத்துக்கு அன்றுதான் பிறந்த நாள்.

ஆனாலும் அவரைக் குளிப்பாட்டினேன், மலம் துடைத்தேன், கஞ்சி ஊட்டினேன். கோபம் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை. பக்கத்து வீட்டு மங்களம் பொரி, கடலை, சுண்டல் எல்லாம் ஒரு தட்டில் கொடுத்தாள். அப்பா இருந்தால், "நல்லாருக்கணும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டு, சாமிக்குப் படைத்தது என்பதால் வாயில் வைக்காமல் காக்காய்க்குப் போடச் சொல்லுவார். காக்காய்க்குப் போக வேண்டியதில் பாதியைத் தனிஸ் மொட்டை மாடியில் வைத்துத் தின்பான். இன்று முழுத் தட்டையும் நானே தின்றேன். சுண்டலில் காரம் கொஞ்சம் கூடுதல்.

அக்டோபர் 29, ஞாயிறு

பங்கு அலுவலகத்துக்குப் போய் நவம்பர் நாலாம் தேதி முப்பதாம் நாள் பூசைக்கு ஒப்புக்கொடுக்கிற பேர்களை எழுதிவைத்தேன். முதலில் சந்தியாகு என்று அப்பா பேர். அடுத்து தனிஸ்லாஸ். பலிபீடத்திலிருந்து சாமியார் அவன் பேரைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அப்பா பேருக்குப் பக்கத்திலேயே வாசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்பா பூசையிலயா? அவருக்குப் பிடிக்காதத அவர் பூசையிலயே செய்யிறியா?"

"அவருக்குப் பிடிச்சதத்தான் இத்தன வருசமா செஞ்சேன்க்கா."

"அதுக்கில்ல எமி. அப்பா காரணம் இல்லாம எதும் செய்ய மாட்டாரு."

"காரணம் எனக்குத் தெரியும். தம்பி நரகத்துல இருக்கான், வேண்டிப் பிரயோசனம் இல்ல. அதான காரணம்?"

அக்கா போனை வைத்துவிட்டாள். அவளும் அதைத்தான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று இன்றுதான் தெரிந்தது. பாவம், அவள் தனியாக ஆவடியில் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் இங்கே அப்பா பக்கத்தில் முழங்காலில் நின்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். செபமாலையில் நான் வாய் மட்டும்தான் அசைப்பேன். ஆனால் பேர் வரிசை முடிந்து அப்பா மூச்சு வாங்குகிற இடைவெளியில் "தனிஸ்லாஸ்" என்று எனக்குள் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிடுவேன். பிரயோசனம் இல்லாவிட்டால் போகட்டும்.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். காலையிலிருந்து தூறல். சாமந்தி விலை தாறுமாறு. இரண்டு மாலை, இரண்டு கட்டு மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்கே போனேன். அப்பாவின் மேடு இன்னும் சிமெண்டு போடாத மண், மழையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. மண்ணைக் கையால் ஏற்றிக்கொண்டிருந்தபோது இன்னாசி மாமா குடையோடு வந்தார். அவரும் ஒரு மாலை வைத்தார். பிறகு நான் எதுவும் சொல்லாமலே எனக்கு முன்னால் தனிஸ் கல்லறைக்கு நடந்தார். அப்பாவின் சபைக்காரருக்கு அவனிடம் என்ன வேலை என்று எனக்கு வந்ததே கோபம்.

"சனிக்கிழம பூசைல தனிஸ் பேரையும் குடுத்திருக்கேன் மாமா. ஒங்க சபைக்காரங்க என்ன நெனச்சாலும் சரி" என்றேன்.

மாமா மெழுகுவர்த்தியை ஏற்றப் பார்த்தார், காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றினார். "அவனுக்கு எதுக்கும்மா?" என்றார்.

"நீங்களும் அப்பா மாதிரியே பேசாதீங்க. அவன் நரகத்துலதான் இருக்கான்னு ஒங்ககிட்டயும் சொன்னாரா?"

அந்தக் கிழவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் ஏதோ அவர் கன்னத்தில் அறைந்துவிட்டது போல நின்றார். குடையை மடக்கினார். தூறல் தலையில் விழுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"நரகத்துலயா? யாரு சொன்னா?"

"பதினாலு வருசமா அவன் பேரைச் சொல்லி ஒரு மந்திரம் சொல்லல. வேற என்ன அர்த்தம்?"

"அடக் கடவுளே" என்று பக்கத்துக் கல்லறையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சொன்னார். முடிந்தவரை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அன்னிக்கு பெரியாஸ்பத்திரிக்கு நானும் ஒங்கப்பாவும்தான் போனோம். ஒரு மஞ்சப்பை கையில வச்சிருந்தாரு. உடுத்தத் துணி குடுங்கன்னு உள்ள கேட்டாங்க. கட்சிக்காரப் பசங்க ஒரு கறுப்புச் சட்ட கொண்டாந்திருந்தாங்க. ஒங்கப்பா அத வாங்கி மொதல்ல போடச் சொன்னாரு. அவன் ஆசப்பட்டுப் போட்ட சட்ட, அது இருக்கட்டும்னாரு. அப்பறம் மஞ்சப்பைய அவுத்தாரு. அவரோட அங்கி. கறுப்புச் சட்டைக்கு மேல அதப் போத்தி, கயிற அவரே கட்டுனாரு. முடிச்சு விழல. நான்தான் பிடிச்சேன். பெட்டிய ஆணியடிச்சது அதுக்குத்தாம்மா. மூஞ்சி பாக்குற மாதிரிதான் இருந்துச்சு. கட்சிக்காரங்க பாத்தா வருத்தப்படுவாங்க, நீ பாத்தா சண்டைக்கு வருவன்னு அடிச்சிட்டாரு."

மாமா தொடர்ந்தார்.

"நான் கேட்டேன். சந்தியாகு, அவன் நம்பாதவனாச்சே, இது செல்லுமான்னு. அசிசியாரு அங்கியத்தான் பாப்பாரு, உள்ள என்ன சட்டன்னு தூக்கிப் பாக்க மாட்டாருன்னாரு."

"அப்ப ஏன் மாமா பேரைச் சொல்லல?"

"மோட்சத்துல இருக்கறவனுக்கு எதுக்கும்மா வேண்டணும்? வேண்டுனா, குடுத்த அங்கி மேல நம்பிக்க இல்லன்னு ஆயிடும்ல? எதுக்கும் சேத்துச் சொல்லிக்கய்யா, நட்டமில்லன்னு ஒருதரம் நான் சொல்லிப்புட்டேன். ஒரு வாரம் எங்கூடப் பேசல."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்."

"அவன்கிட்ட கேக்காம உடுத்திட்டோம்னு அவருக்கு ஒரு உறுத்தல். உசுரோட இருந்தா வேண்டாம்னுருப்பான், தூங்குற பிள்ளைக்குச் சட்ட போட்ட மாதிரி போட்டுட்டேன்னு சொல்லுவாரு. எமி தம்பி கட்சி, அவகிட்ட சொல்லாதன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீ இப்படி ஒண்ண நெனச்சிட்டு இருப்பன்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

மோட்சம், நரகம், உத்தரிக்கிற ஸ்தலம். மூன்று இடம் உண்டு என்று கற்றுக்கொடுத்தவர் அப்பாதான். செபம் தேவைப்படாத இடம் இரண்டு. எனக்கு ஒன்றுதான் தோன்றியது. அவருக்கு மற்றது மட்டும்தான் தோன்றியிருக்கிறது. ஒரே வீட்டில், ஒரே பாயில் முழங்கால் போட்டுக்கொண்டு.

"நான் தெனம் அவனுக்கு ஒரு பரலோக மந்திரம் சொன்னேன் மாமா" என்றேன்.

மாமா யோசித்தார். "பரவால்லம்மா. அவனுக்குத் தேவப்பட்டிருக்காது. வேற யாருக்காவது திருப்பி விட்டுருப்பாங்க" என்றார், தபால் இலாகாவைப் பற்றிச் சொல்வது போல.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறைத் திருநாளில், அத்தனை சனங்களுக்கு நடுவில், தம்பி கல்லறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்பா செத்ததற்கு இன்றுதான் அழுதேன்.

நவம்பர் 3, வெள்ளி

காலையில் எழுந்ததும் தனிஸுக்காகக் கொஞ்சம் கோபப்பட்டுப் பார்த்தேன். என்ன உரிமையில் கறுப்புச் சட்டைக்கு மேல் அங்கியைப் போட்டார்? ஒரு வார்த்தை கேட்டாரா? இப்போது மோட்சத்தில் அவன் அந்தக் கம்பளித் துணியில் வியர்த்துக்கொண்டு, இது மோட்சம் இல்லை என்று எல்லாரிடமும் வாதம் செய்துகொண்டிருப்பான். கோபம் நிற்கவில்லை. அவனே அப்பாவைப் பற்றி மைக்கில் சொன்னதைத்தான் நானும் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மனுசன்.

அக்காவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் கேட்டாள்:

"அப்ப அப்பா? அவரு அங்கி இல்லாமப் போயிட்டாரே எமி."

நான் அதை யோசிக்கவே இல்லை. வேறொன்று தைத்துக்கொள்ளச் சொல்லித் தானே கேட்டுப் பார்த்ததாக மாமா நேற்று வரும் வழியில் சொன்னார். ஆளுக்கு ஒன்றுதான், கொடுத்தது கொடுத்ததுதான் என்று அப்பா மறுத்துவிட்டாராம். இத்தனை வருடமும் தான் நேரே போக மாட்டோம், வழியில் இறங்கிக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே இருந்திருக்கிறார். தெரிந்துதான் வேட்டி சட்டையை வாங்கி வைத்திருக்கிறார். அப்படி இருந்த மனிதருக்குத்தான் நான் முகம் கொடுத்துப் பேசாமல் கஞ்சி ஊட்டினேன்.

"நாம எதுக்கு இருக்கோம்?" என்றேன் அக்காவிடம்.

பங்கு அலுவலகத்துக்குப் போனேன். தனிஸ்லாஸ் பேரை எடுத்துவிடச் சொன்னேன். அங்கே இருந்த பெண், "ஏன் ஆன்ட்டி, தப்பா எழுதிட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா, அவனுக்குத் தேவையில்ல" என்றேன். "சந்தியாகுன்ற பேர மட்டும் சாமியார நல்லா சத்தமா வாசிக்கச் சொல்லு."

நவம்பர் 4, சனி

பூசையில் ஒரு பேர்தான் வாசித்தார்கள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சபைக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இன்னாசி மாமா அவர்களிடம் என்ன சொன்னாரோ, ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் பிரியாணி மிஞ்சிவிட்டது. மங்களம் வீட்டுக்கு ஒரு தூக்கு கொடுத்தேன்.

அக்கா பஸ் ஏறியதும் வீடு அமைதியாகிவிட்டது. ஏழு மணிக்கு டிவியைப் போட்டேன், அணைத்தேன். யாரும் சொல்லாமல் முழங்காலில் நின்றது எனக்கே ஆச்சரியம். முழுச் செபமாலைக்குப் பொறுமை இல்லை. நேரே அசிசியாரிடம் பேசினேன். அவரிடம் நான் தனியாகப் பேசுவது இதுவே முதல் தடவை. வெளியூரிலிருந்து வருகிறவரை ஜங்ஷனில் போய்க் கூட்டிவரச் சொல்லும்போது அடையாளம் சொல்வோமே, அப்படித்தான் சொன்னேன்.

ஐயா, பேர் சந்தியாகு. வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டை. உயரமான ஆள், இடது கால் லேசாக இழுக்கும், பணிமனையில் பட்ட அடி. வலது கைக் கட்டைவிரலில் நகம் கிடையாது. யாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வரமாட்டார், கடைசியில்தான் நிற்பார். கூப்பிட்டால்கூட வேறு யாரையோ கூப்பிடுகிறீர்கள் என்று திரும்பிப் பார்ப்பார். நீங்கள்தான் கிட்டே போய்க் கையைப் பிடிக்க வேண்டும். அங்கியைத் தேடாதீர்கள், அதை மகனுக்குக் கொடுத்துவிட்டார்.